கரண்ட் போனால் முழிக்கிறானா என்று கேட்டவருக்கு

அக்கா,

இன்று காலை ஃப்ரீசரைத் திறந்தபோது குக்கர் கேஸ்கட் கையில் தட்டுப்பட்டது. தளர்ந்துபோனால் தூக்கிப் போடாதீர்கள், கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இறுகிவிடும் என்று நீங்கள் நம் வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ எழுதியதை நினைத்து, முந்தாநாள் நான் வைத்தது. வைத்ததையே மறந்து, குக்கர் விசில் அடிக்கவில்லை என்று நேற்று முழுக்கப் புலம்பியிருக்கிறேன். இதை உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள் என்று போனை எடுத்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நாம் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. அன்றைக்கு வாங்கிய சின்னச் சாமான் ஒன்றைப் படம் எடுத்துப் போட வேண்டும், நகையும் பட்டும் கூடாது, அவ்வளவுதான் அங்கே சட்டம். சோப்புப் பெட்டி, டீ வடிகட்டி, ஒரு முழம் மல்லி என்று வரும். நீங்கள் ஒருநாள் ஒற்றைச் சப்போட்டாவைப் போட்டு, "இது எனக்கு மட்டும். ஊட்ல ஒருத்தருக்கும் கெடையாது" என்று எழுதினீர்கள். ஒண்ணுதான் வாங்கினீங்களா என்று யாரோ கேட்டதற்கு, "மிச்சமெல்லாம் பஸ்ஸுலயே முடிஞ்சு போச்சு சாமி" என்றீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஜலகண்டாபுரத்தில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவர். முகத்துக்குப் பதில் செம்பருத்திப் படம். சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் உங்களுக்குச் சாமி.

நான் அன்று போட்டது தொட்டிலுக்கு வாங்கிய பருத்தி மெத்தை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிக்கூடம். அத்தனை இரைச்சலிலும் பையன் அதில் அசையாமல் தூங்குகிறான் என்று பெருமையாக எழுதினேன். குடுத்து வெச்சவங்க என்று வரிசையாகப் பதில்கள். நீங்கள் மட்டும் தனியாக அனுப்பினீர்கள்.

"தப்பா நெனைக்காதீங்க சாமி. கரண்ட் போனா முழிக்கிறானா?"

"இல்லீங்கக்கா. அப்பவும் நல்லாத்தான் தூங்கறான்."

"எங்க ஊட்லயெல்லாம் தறி ஓடறப்ப தூங்குற கொழந்தைங்க, நின்னா வீல்னு எந்திரிச்சுக்கும். சத்தம் நின்னது தெரியோணுமில்ல? ஒருக்கா பக்கத்துல நின்னு பாருங்க."

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "போன்ல யாரோ சொல்றதக் கேட்டுட்டு நீ ஏன் பயந்துக்கற? தறிச் சத்தத்துலயே பொறந்தவன், அவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் வீட்டில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டி, கையை ஆட்டித்தான் பேசுவோம். பையனும் முகத்தைப் பார்த்துச் சிரித்தான், தரையின் அதிர்வில் ஆள் வருவதைத் தெரிந்துகொண்டான். அவனிடம் எந்தக் குறையும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. நான் தொட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். தறிகள் நின்று தெரு முழுக்க அமைதியானது. அடுத்த வீட்டுக் குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. இவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் நின்று பேரைச் சொன்னேன். பிறகு கத்தினேன். தறிக்கூடத்திலிருந்து அவர் ஓடி வந்தார். மெத்தை மேல் இருந்த அந்தச் சின்னக் கை அசையவில்லை.

எந்த டாக்டர் என்று உங்களைக் கேட்டேன். "எனக்குக் கேக்கத்தான் தெரியும் சாமி. பாக்கறதுக்கு டாக்டரு வேணும். இன்னைக்கே கெளம்புங்க" என்றீர்கள். சேலத்தில் காதைப் பரிசோதித்தார்கள். சீக்கிரம் வந்ததால் பேச்சு வரும் என்றார்கள். காது மிஷினை அவன் கழற்றிக் கழற்றி எறிந்தபோது, நூலில் கிளிப் கோத்துச் சட்டைக் காலரில் மாட்டச் சொன்னதும் நீங்கள்தான். நான் அந்தக் கிளிப்பைக் குழுவில் போட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் உங்கள் எண்ணிலிருந்து உங்கள் மகள் எழுதினார், அம்மா தவறிட்டாங்க என்று. ஆளுக்கொரு வரி இரங்கல் எழுதினோம். சாயங்காலம் ஒருத்தி துணி உலர்த்தும் கொடிக்கயிறு வாங்கியதைப் போட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. எந்தக் கடை, எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள்.

இப்போது அவனுக்குப் போன் என்றால் பைத்தியம். மற்றவர்கள் பேசி அனுப்பியவற்றை அழுத்தி அழுத்திக் கேட்கிறான். நீங்கள் ஒருமுறைகூடப் பேசி அனுப்பியதில்லை, எல்லாமே எழுத்துதான். உங்கள் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியவற்றை நானே அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். பின்னாலிருந்து படித்தாலும் திரும்பிப் பார்க்கிறான்.