கன்றுக்குட்டியை உதைத்தவருக்கு

நேற்று வேலந்தாவளம் சந்தை முக்கில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் இட்டிலியைப் பிட்டு வைத்துக்கொண்டு மகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைத் திறப்பதாக இல்லை. கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தி, "இப்பத் திங்கலீன்னா பூதமுடியான் வந்து தூக்கிட்டுப் போயிருவான், பாத்துக்க" என்றாள்.

நான் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் பிறப்பதற்கு முன்பே பூதமுடியான் வருகிற அந்த நாடகம் நின்றுபோனது. நீங்களும் போய்விட்டீர்கள். நீங்கள் கட்டிய வேஷத்தின் பெயர் மட்டும் இன்னும் ஊருக்குள் நடமாடுகிறது.

அப்பப்பா, என்ன பெயர் வாங்கினீர்கள்! அண்ணனைக் கொன்று பட்டத்துக்கு வந்த ராஜாவாக நடித்தீர்கள். கொலையைக்கூட இந்த மாட்டுக்கார ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவது காட்சியில், வரி கட்டாத இடையனின் கன்றுக்குட்டியை எட்டி உதைப்பீர்களே, அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அது பஞ்சு அடைத்த துணிக்கன்று என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் கொட்டகையே கொதிக்கும். இந்த எல்லை ஊரில் தமிழில் திட்டியவர்களுக்கு நீங்கள் பாவி, மலையாளத்தில் திட்டியவர்களுக்கு துஷ்டன்.

வீட்டில் நான் பார்த்த ஆள் வேறு. பல்லியை விரட்டக்கூட அதனிடம் "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று கேட்கிற ஆள். நான் ஒரு சத்தம் போட்டால் சமையற்கட்டுப் பக்கமே வரமாட்டீர்கள். ஆனால் வாசற்படி தாண்டினால் மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது நாடகக் கம்பெனி முதலாளியின் கட்டளை. உங்களுக்கு முன்னால் அந்த வேஷம் கட்டியவர் ஒருநாள் சந்தையில் குழந்தைக்குப் பலூன் வாங்கி ஊதிக் கொடுத்தாராம். அன்றைக்கு அவர் மேடையேறியதும் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளே முதலாளி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கதையை நீங்கள் மறக்கவே இல்லை.

நம் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனதே, நினைவிருக்கிறதா? கறவை மாடு ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்று சந்தைக்குப் போனோம். ராமாத்தாள் என்கிற பண்ணைக்காரி தன் செவலைப் பசுவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். தரகர் பேசி முடித்துவிட்டார். கயிற்றை வாங்க நீங்கள் கையை நீட்டினீர்கள். அவள் அப்போதுதான் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடப்பாவி! கன்னுக்குட்டிய ஒதச்சவன் கையிலயா என்ற செவலையக் குடுப்பேன்? அதுக்குக் கெணத்துல தள்ளிப்போடலாம்!"

சந்தையே கூடிவிட்டது. நீங்கள் உங்கள் சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், மாடு கிடைத்திருக்கும். நீங்களோ மீசையை முறுக்கி, அந்தப் பூதச் சிரிப்பைச் சிரித்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பசியில் கத்துகிற பிள்ளையோடு நடுச்சந்தையில் நின்று அழுதேன்.

ராமாத்தாள் என் அழுகைக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். "இந்த ராட்சசனுக்கு வாக்கப்பட்டு என்ன பாடுபடுறயோ அம்மிணி" என்று கயிற்றை என் கையில் வைத்தாள். "உனக்கும் இந்தப் பச்சப்புள்ளைக்கும்தான் குடுக்கறேன். அந்தாளு இதத் தொடக்கூடாது. நான் சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பேன்."

வீட்டுக்கு வந்து உங்களைப் பிடிபிடியென்று பிடித்தேன். "வாயத் தொறந்தா முத்து உதுந்துருமா?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னீர்கள்: "நான் கெட்டவன்னு அவுங்க நம்பறதுலதான் அம்மிணி நம்ம அடுப்பு எரியுது."

சொன்னபடியே ஒருநாள் விடியற்காலையில் ராமாத்தாள் வந்து நின்றாள். நான் உங்களுக்குக் குரல் கொடுப்பதற்குள் நேரே தொழுவத்துக்குப் போய்விட்டாள். அங்கே நீங்கள், மடியில் பிள்ளை, கையில் செவலையின் காது. உண்ணி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். "ஏனுங்க செவலையம்மா, இந்தக் காதையும் கொஞ்சம் காட்டறீங்களா?" செவலை உங்கள் மீசையை நக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை, கோழி நனைந்தது மாதிரி தொங்கியது.

ராமாத்தாளைக் கண்டதும் நீங்கள் பிள்ளையோடு எழுந்து கெஞ்சினீர்கள். "அக்கா, உங்க காலுல வேணும்னாலும் உளுகறனுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க. என்ற பொழப்பே போயிருமுங்க."

"நாசமாப் போனவனே! உன்னத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சேடா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

அன்றைய ஆட்டத்துக்கு நானும் போனேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், நம் கதை முடிந்தது. கன்றுக்குட்டி காட்சி வந்தது. நீங்கள் காலைத் தூக்குகிறபோது உங்கள் கண் அவளைத் தேடியதை நான் பார்த்தேன். உதைத்தீர்கள்.

அவள் எழுந்தாள். கீழே குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். "அடேய் சண்டாளா! நீ வெளங்குவியா!" என்று கத்தி உங்கள் மார்பில் வீசினாள். அவ்வளவுதான், கொட்டகையே எழுந்து நின்று திட்டியது. அந்தச் சத்தத்தில் நான் விக்கிவிக்கி அழுதேன். இவர் என் புருஷன், என் புருஷன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. மறுநாள் ராமாத்தாள் செவலைக்குப் பருத்திக்கொட்டை கொண்டுவந்தாள். உங்களுக்குக் கொஞ்சம் கம்புமாவும்.

நீங்கள் கண் மூடிய பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அந்த ஆளோடு எப்படித்தான் குடித்தனம் நடத்தினாய் என்று. வாய் நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன். நீங்கள் கட்டிக் காத்த பெயரை நானா கெடுப்பேன்?

நேற்றும் அப்படித்தான். அந்தப் பையன் தன் அம்மாவை நம்பாமல் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஆத்தா, பூதமுடியான் நெசமாவே இருக்கானா?"

நான் உங்களைப் போலவே கண்ணை உருட்டினேன்.

"இருக்கான் சாமி. எங்க ஊட்லதான் இருக்கான்."

மடமடவென்று இட்டிலியைத் தின்று முடித்துவிட்டான்.