காளஹஸ்தியிலிருந்து நேராக

ஞாயிறு இரவு, புத்தூர்.

நானும் என் மனைவி சுதாவும் உலகப் பயணத்தின் மறுபாதிக்கு இந்நேரம் விமானம் ஏறியிருக்க வேண்டும். என் அப்பா, நைனா வீட்டில் கிடக்கிறோம்.

பயணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று மாலை காளஹஸ்தியில் பூஜை செய்ய வைத்தார் நைனா. முடிந்ததும் காரைச் சென்னை விமான நிலையத்துக்கு விடச் சொன்னேன்.

"காளஹஸ்தி கும்புட்டா நேரா வூட்டுக்குத்தான்டா போவணும்."

"வாடகை வூட்ட காலி பண்ணிட்டுதான கெளம்பினோம். எந்த வூட்டுக்கு நைனா?"

"நான் இன்னும் சாவலடா. என் வூடு இருக்குது."

சுதா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். பயணத்தின் முதல் பாதியில், ஜார்ஜியாவில் பனியில் பஸ் நின்றபோது சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தவள்.

"மாமா சொல்றது சரிதாங்க. வூட்டுக்கே போலாம்," என்றாள்.

மூடநம்பிக்கை என்று கத்திப் பார்த்தேன். பயனில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனில் வேறு டிக்கெட் தேடினேன். எந்தத் தேதிக்கு எடுக்கலாம் என்று சுதாவிடம் கேட்கத் திரும்பினேன். பயணம் முழுக்க ஒரு ஊரிலும் பையைக் காலி செய்யாதவள், என் சட்டைகளையும் சேர்த்து பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு காலிப் பைகளைப் பரணில் தூக்கிப் போட்டாள்.

தேதியைக் கேட்காமலே போனை அணைத்தேன். அவள் தூங்கிவிட்டாள்.