வாயைக் காட்டிக் கதையுங்கோ, மாஸ்டர்

அன்புள்ள ரீச்சருக்கு,

சவரச் சவர்க்காரத்தின் மணம் இன்று காலை என்னைக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டது. நுரை எழும்பிவிட்டது, தூரிகையும் கையில் இருந்தது. கை மட்டும் மேலே வரவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக நாள் தவறாமல் மேலுதட்டை மழித்து வருகிறேன். எண்பதைக் கடந்த மனிதருக்கு இது என்ன பிடிவாதம் என்று மகள் கேட்பாள். பழக்கம் என்று சொல்லித் தப்பிவிடுவேன். நேற்று முன்தினம் உங்கள் பெறாமகள் வவுனியாவிலிருந்து தொலைபேசியில் உங்கள் செய்தியைச் சொன்னாள். அப்போதிருந்து பழையவற்றை ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன். பிழையிருந்தால் திருத்த நீங்கள் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாடசாலைக் கட்டடத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்ததால், மைதானத்துத் தகரக் கொட்டில்களில் வகுப்பு நடத்தினோம். விசேட கல்விப் பயிற்சியை முடித்து நீங்கள் எங்களிடம் வந்தீர்கள். அடுத்த கிழமையே கல்விக் கந்தோரின் சுற்றறிக்கையும் வந்தது. காதோ கண்ணோ குறைந்த பிள்ளைகளை இயன்றவரை சாதாரண வகுப்பிலேயே வைத்திருக்க வேண்டும், ஆசிரியர் எல்லோரும் அதற்கான விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு சனிக்கிழமை கூடினோம். சீனி இல்லாத தேநீர், கடிக்கப் பனங்கட்டி. நீங்கள் ஆளுக்கொரு துண்டு பஞ்சு கொடுத்துக் காதில் அடைக்கச் சொன்னீர்கள்.

“பிரின்சிபல் கதைக்கேக்கையும் இதை வைச்சிருக்கலாமோ, ரீச்சர்?” என்று விஞ்ஞான மாஸ்டர் கேட்டார்.

“இவ்வளவு காலமும் பஞ்சு இல்லாமல் சமாளிச்சனீங்கள்தானே, மாஸ்டர்.”

அதிபரே சிரித்துவிட்டார். பிறகு நீங்கள் திரும்பி நின்று, பலகையில் எழுதிக்கொண்டே ஒரு கணக்கைச் சொன்னீர்கள். எங்களில் எவருக்கும் விளங்கவில்லை. அதையே அதே குரலில் எங்களைப் பார்த்துச் சொன்னபோது பாதிப்பேர் விடை சொன்னோம். “கரும்பலகைக்குக் கதைக்காதேங்கோ. அதுக்குப் பாடம் தெரியும்” என்றீர்கள். யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். கத்தினால் வாய் கோணிவிடும், கோணிய வாயைப் பிள்ளையால் வாசிக்க முடியாது என்றெல்லாம் சொன்னீர்கள். நான் இலக்கமிட்டு எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டால் செய்துமுடித்தது போன்ற நிம்மதி எனக்கு வந்துவிடும்.

எல்லாம் ஆறாம் வகுப்புக் கலாவுக்காகத்தான். சின்ன வயதில் மூளைக்காய்ச்சலில் காது போன பிள்ளை. பேச்சு இருந்தது, கேட்கும் புலன் இல்லை. தகப்பன் தோட்டக்காரர், தினமும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார். அதிபர் கெட்டவர் அல்ல, என்னைப் போலப் பயந்தவர். “ஆண்டு முடிவுச் சோதினை வரைக்கும் பாப்பம். ஏலாட்டில் செவிப்புலனற்ற பிள்ளையளின்ரை விடுதிக்கு அனுப்பத்தான் வேணும்” என்று முடிவு சொல்லிவிட்டார். பாதைகள் எந்த நாளில் மூடும், எந்த நாளில் திறக்கும் என்று தெரியாத காலம். “விட்டிட்டு வந்தால் திரும்பக் காண்பனோ தெரியாது, ரீச்சர்” என்று தகப்பன் உங்களிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

மற்றப் பாடங்களில் அவள் சமாளித்தாள். நான் படிப்பித்த கணிதத்தில்தான் விழுந்தாள், அதுவும் மனக்கணக்கில். மனக்கணக்கை ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டும், எழுதிக் காட்டக்கூடாது என்பது விதி. என் வகுப்பில் மட்டும் ஏன் விளங்கவில்லை என்று நீங்கள் அவளைக் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கீழே விரலை வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள்.

“கோவிக்காதேங்கோ, மாஸ்டர். உங்கடை வாய் அவளுக்குத் தெரியேல்லை.”

என் மீசை உதட்டில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். கூச்சம் பிடித்தவனுக்கு அது பெரிய ஆறுதல். அன்று மாலை கத்தரிக்கோலால் அளவு பார்த்து வெட்டிக்கொண்டு அடுத்த நாள் உங்கள் முன்னால் நின்றேன். “வேலியைத் தறிச்சிருக்கிறியள். படலை இன்னும் திறக்கேல்லை” என்றீர்கள்.

எங்கள் குடும்பங்களில் ஒருவன் மீசையை முழுதாக எடுப்பது பெற்றவருக்குக் கொள்ளி வைக்கும்போதுதான். என் தகப்பன் அப்புவோ வீட்டில் நல்ல சுகத்தோடு இருந்தார். குருநகர்க் கத்தோலிக்க வீட்டில் பிறந்த உங்களுக்கு அது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுவதும் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை காலை, அப்பு எழும்புவதற்கு முன்னர், தேய்ந்த பிளேட்டால் மழித்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பாடசாலைப் படலையடியில் காவலாளி கைகட்டி நின்றார். விஞ்ஞான மாஸ்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எப்ப, மாஸ்டர்? ஒரு சொல் அனுப்பியிருக்கலாமே” என்றார். “இல்லை... அப்பிடி ஒண்டும்...” என்று ஏதோ முனகினேன். துக்கத்தில் வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மணியடித்ததும் வகுப்புக்குள் ஓடி ஒளிந்தேன். தகப்பன் செத்துக் கிடக்கவும் வந்து படிப்பிக்கிறாரே என்று வெளியே வியந்திருக்கிறார்கள். நான் வெளியே வருவதற்குள் அதிபரும் விஞ்ஞான மாஸ்டரும், கந்தோரிலிருந்து அப்போதுதான் வந்த நீங்களும், இணுவிலில் இருந்த என் வீட்டுக்குச் சைக்கிளில் புறப்பட்டுவிட்டீர்கள்.

படலையைத் திறந்தவர் அப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பீர்கள். நான் வீட்டுக்குப் போனபோது மற்ற இருவரும் திரும்பிவிட்டார்கள். நீங்கள் மட்டும் கதிரை நுனியில், தேநீரைத் தொடாமல், முகம் வெளிறி இருந்தீர்கள்.

“வா மோனை. நான் செத்திட்டனாம். நீ ஒரு வார்த்தை சொல்லேல்லையே” என்றார் அப்பு.

“பிழை என்னிலைதான், ஐயா. எனக்கு யோசனை வரேல்லை. என்னை மன்னிக்க வேணும்” என்று நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

அப்புவுக்கு முன்னால் நிமிர்ந்து கதைத்த பழக்கம் எனக்கு இல்லை. அன்று ஒளிய இடமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கலாவின் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கதிரைக் கைகளைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். எழுந்து அடிக்கப் போகிறாரோ என்றுகூட, அந்த வயதிலும், நினைத்தேன்.

“உவன் இப்ப சொன்னது முழுக்க விளங்கினது, பிள்ளை” என்று உங்களைப் பார்த்துச் சொன்னார். “கன காலமாய் இவன் என்னோடை கதைக்க அலுப்புப்பட்டு முணுமுணுக்கிறான் எண்டெல்லோ நினைச்சனான். எனக்குக் காது போயிட்டுதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். “எடுத்தது எடுத்ததாய் இருக்கட்டும். அந்தப் பெட்டை பாஸ் பண்ணட்டும்” என்று அப்பு தேநீரை உங்கள் பக்கம் தள்ளினார்.

கார்த்திகை மழையில் சோதனை வந்தது. மனக்கணக்கைப் பார்க்க அதிபர் வந்து கொட்டிலின் பின்வரிசை வாங்கில் அமர்ந்தார். நீங்கள் வாசலில் திரையாகத் தொங்கிய சாக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், என் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக. உங்கள் தோள் நனைந்தது. இரண்டாம் கணக்குக்குள் மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தலாமா என்று உங்களைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். நான் வழக்கம் போலச் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “கேக்கேல்லை, சேர்” என்றன சில வாய்கள். அதிபரும் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

கலா குனிந்து எழுதினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் எழுதினாள்.

மழை விட்டதும் அதிபர் அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டு விடை பிழை. மற்றவை சரி. மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையை மறுநாள் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. அதிபர் தன் மீசையைத் தடவிக்கொண்டே, “அடுத்த வருசம் ஏழாம் வகுப்புக்கு ஆரைப் போடுறது? எல்லாரும் மீசைக்காரராய் எல்லோ இருக்கினம்” என்றார். நீங்கள் சாக்கை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்தீர்கள், மழைத்தண்ணீர் என்ற பாவனையில். வெளியே சைக்கிளோடு நனைந்துகொண்டு நின்ற தகப்பனிடம் சொல்ல முதலில் ஓடியதும் நீங்கள்தான்.

உங்களைக் கடைசியாகக் கண்டது தொண்ணூற்றைந்தில், ஊர் முழுவதும் மூட்டைகளோடு தென்மராட்சிப் பக்கம் நடந்த அன்று. சனத்துக்கும் வாகனங்களுக்கும் அப்பால் நின்று நீங்கள் என்னைப் பார்த்து எதையோ சொன்னீர்கள். சத்தம் எட்டவில்லை. ஆனாலும் வாசித்தேன்: “கவனம், மாஸ்டர்.” அதன் பிறகு கடிதங்கள்தான்.

கலா இப்போது மன்னாரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறாள். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவாள். உங்கள் செய்தியை அவளுக்கு யார் சொல்வது என்று ஒரு பகல் முழுவதும் தவித்தேன். எழுதி அனுப்பிவிடலாம் என்றும் நினைத்தேன். பிறகு நேற்று அழைத்தேன். அவள் முகம் திரையில் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள்.

துவாயை எடுத்துவிட்டேன். வாய் கோணக்கூடாது என்று முயன்று, மெதுவாக, திரும்பவும் சொன்னேன்: “ரீச்சர் போயிட்டா, பிள்ளை.” அவள் வாசித்தாள். அவள் அழுது முடியும் வரைக்கும் என் முகத்தை நான் மறைக்கவில்லை, ரீச்சர். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை கடைசியில் சவரம் செய்துவிட்டேன். இதை எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வாயசைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். யன்னலுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டிருக்கிறேன். வெளிச்சம் முகத்தில்தான் விழுகிறது.