சுடலைக்குக் கஷ்டமாக இருந்த ஆட்டம்

12-6-1996, புதன்

இன்று என் வீடியோ கேம் கடையிலேயே ஒரு காலேஜ் பையன் சண்டை ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டான். இத்தனை வருடத்தில் முதல் தோல்வி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமாலே? எப்படி அடிக்கணும்னு மெஷின்லயே எழுதி ஒட்டியிருக்கான். பழைய மெஷின்ல ஒவ்வொரு அடியையும் நாங்களே கண்டுபிடிச்சோம். எவ்வளவு கஷ்டம்னு சுடலைகிட்டக் கேளு" என்றேன்.

சுடலை பேட்டைப் பட்டறைக்காரன். கடை திறந்த நாளிலிருந்து என்னோடு ஆடுகிறவன். அவன் சிரித்தான்.

"கஷ்டம்தான் தம்பி. அண்ணாச்சிகிட்ட தோக்குததுதான் பெரிய கஷ்டம். நாம ஜெயிக்கப்போனா வோல்டேஜ் கம்மின்னு மெஷினை அணைச்சிருவாவ. அதனால தோக்கணும். வேணும்னே தோக்கோம்னும் தெரியப்படாதுல்லா!"

பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

வோல்டேஜ் உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. டவுணில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

போன தீபாவளிக்கு முந்தின நாள், என் ஆளுக்கு உயிர் ஒரு நூல் அளவு மிச்சம் இருந்தபோது சுடலையின் ஆளை வீழ்த்தினேன். அன்றைக்குச் சுடலைக்குக் கை நடுங்கியது. முகம் வியர்த்திருந்தது. நானே பார்த்தேன். அதுவும் நடிப்பா?

அந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் நாளைக்கு அவனிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்க மாட்டேன். உண்மையாக ஆடினேன் என்று அவன் சொன்னாலும், இத்தனை வருடம் நடித்தவனை எப்படி நம்புவது?