ஒடுங்கிய இலை, மஞ்சள் இலை

இன்று காலை ஊறவைத்த பாசிப்பயற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். அந்தப் பச்சை வாசனையில் நீ வந்து நின்றாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில், நம் இருவருக்கும் ஒரே மேசை. நான் மாதுங்காவிலிருந்து தங்கப் பதக்கத்தோடு வந்தவள். நீ தாராவியில், தோல் பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் படித்து வந்தவள். கதிர்வீச்சு பாய்ச்சிய விதைகளிலிருந்து இரண்டு விசித்திரமான பயற்றஞ்செடிகள் கிடைத்திருந்தன. ஒன்றின் இலை ஒடுங்கியது. மற்றதன் இலை மஞ்சள். இரண்டையும் கலந்து, பேரப்பிள்ளைச் செடிகளை எண்ணுவது என் வேலை. பதினாறில் ஒன்று ஒடுங்கியும் மஞ்சளாயும் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. நோஞ்சான்கள், முளையிலேயே செத்திருக்கும் என்று எழுதி நோட்டை மூடிவிட்டேன்.

நீ அந்த நோட்டோடு வயலுக்குப் போனாய். இரண்டு நாள் வெயிலில் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாய்: "ஏளா, செத்திருந்தா வரிசையில இடம் காலியால்லா கெடக்கணும்? ஒரு எடங்கூட காலி இல்லயே."

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது: அவை சாகவில்லை, உருவாகவே இல்லை. இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து இருந்தன; ஒன்று வந்த வழியில் மற்றது வர இடமில்லை. என் நோட்டில் இருந்ததை நீ பார்த்துவிட்டாய். எனக்கு வயிறு எரிந்தது.

மேலும் இரண்டு தலைமுறை வளர்த்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டு, வரைபடமாக்கியதும் நீதான். கூட்டத்தில் அதைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தாய். முதலில் கவனித்தது யார் என்று துறைத் தலைவர் கேட்டார். நீ திரும்புவதற்குள், இருவரும் சேர்ந்துதான் என்று நான் சொல்லிவிட்டேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு விட்ட கோட்டைத் தொடர்ந்து வரைந்தாய்.

அன்று பஸ்ஸில் செம்பூர் தாண்டியிருந்தோம். இறங்க எழுந்தபோது சொன்னாய்: "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேம்லா."

கட்டுரையில் என் பெயரும் வந்தது. பாராட்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன்.

இத்தனை வருடம் கழித்து, நீ இறந்துபோனதைச் சொல்ல உன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "நானும் மாதுங்கா ஃபிரெண்டும் சேர்ந்துதான் கண்டுபிடிச்சோம்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க ஆன்ட்டி" என்றாள். இல்லையம்மா, உன் அம்மா ஒருத்திதான் என்று அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் நம்பவில்லை, நான் தன்னடக்கத்தில் பேசுவதாக நினைத்துக்கொண்டாள்.

உன் பொய் என்னுடையதைவிட நல்ல பொய். அதற்கும் வயிறு எரிகிறது.