மன்றக் கதவில் என் ஓட்டு

அன்புள்ள கணவர் டுவெய்னுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இந்த எண்ணெய் வயல் முகாமில் தினமும் நூற்றுப்பத்துப் பேருக்குச் சமைக்கிறேன்.

நேற்று நம் சபை மூப்பர் லைல் போனில் கூப்பிட்டார். "ஏம்மா ஆர்லிஸ், பன்னெண்டு வருஷமா ஊருக்குள்ள ஒரு அழுகல் ஓட்டு விழுந்துச்சே, அது உன்னோடதா?" என்றார். "ஆமாண்ணே, கை நடுங்காமத்தான் போட்டேன்" என்றேன். போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நம் ஊரின் முப்பத்திரண்டு ஓட்டில் ஒன்றுகூட விழாமல் இருந்ததில்லை. எண்ணும் மேஜையில் உட்கார்ந்து, குடியரசுக் கட்சிக்கு முப்பத்தொன்று, ஜனநாயகக் கட்சிக்கு ஒன்று என்று ஒவ்வொரு தேர்தலிலும் எழுதியவள் நான். தபால் ஓட்டைத் தனியாக எண்ணி, எந்தக் கட்சிக்கு எத்தனை என்று ஊர் மன்றக் கதவில் ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இந்த முறை தபாலில் வந்தது என் ஓட்டு மட்டும்தான். தெரிந்தேதான் அனுப்பினேன்.

கை தவறிக் குறி போட்டுவிட்டதாக எழுதிக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க மாட்டேன். இத்தனை வருடமாக விழுந்த அந்த ஒற்றை ஓட்டு பக்கத்து வீட்டு மேவிஸுடையது என்று முடிவுகட்டி, ஊரே அவளோடு பேச்சை நிறுத்தியது. சர்ச்சில் அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. உண்மை தெரிந்த நானும் உட்காரவில்லை.

குளிர் தாங்கவில்லை. என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். அதற்கு முன், இந்த ஞாயிறு மேவிஸ் பக்கத்தில் போய் உட்காருங்கள். முடியாதென்றால் காலுறையும் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு நான் வருவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

அடுப்பில் ரொட்டி கருகுகிறது.

ஆர்லிஸ்