பேசாமல் போன உன் கணினி

இன்று காலை உன் அம்மா, நம் அம்மி, ஆட்டோவில் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். திறந்ததும் மேலாக உன் விசைப்பலகை. அதன்மேல், நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் மிஞ்சிய லைனிங் தோலில் உனக்காக நான் தைத்துக் கொடுத்த உறை. தோல் வாசனையும், நீ மணிக்கட்டில் தடவிக்கொள்ளும் அத்தர் வாசனையும் கலந்து எழுந்தன. நீ போய் எட்டு மாதமாகிறது. வாசனை மட்டும் போகவில்லை. எனக்கு நினைவுக்கு வந்தது நாம் சிரித்த நாட்களில் ஒன்று அல்ல. உன் கணினி பேசாமல் போன அந்தக் காலைதான்.

பத்தாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்ச். அதன்பிறகு உன் கண்கள் மெல்ல மங்கத் தொடங்கி, இருபது வயதில் முழுதும் இருட்டிவிட்டன. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீசில் சேர்ந்தேன். நீ சென்னையில் பார்வையற்றோருக்கான பயிற்சிக்குப் போய், கணினியைக் காதால் இயக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தாய். அங்கே உன்னோடு படித்த ஒருத்திதான் உன் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அதில் கூடவே வரும். கணினியைப் போட்டதும் ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசும். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. நீ அந்த வேகத்தோடு ஓடுவாய்.

பல இடங்களில் விண்ணப்பித்து, பல இடங்களில் 'பார்த்துச் சொல்கிறோம்' என்ற பதிலோடு நின்றுபோன பிறகு, அந்த நேர்காணல் வந்தது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். காலை பத்து மணிக்குக் கணினியில் அழைப்பார்கள்; பேசிவிட்டு, ஒரு பதிவைப் போடுவார்கள்; நீ கேட்டுக்கொண்டே அடித்துக் காட்ட வேண்டும். உன் அண்ணன், நீ பையா என்று கூப்பிடுபவர், பெங்களூரிலிருந்து, "இங்க வந்துடு, உனக்கு இன்னாத்துக்கு வேலை?" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதுவும் கிடைக்காவிட்டால் வந்துவிடுகிறேன் என்று நீ ஒத்துக்கொண்டிருந்தாய். "பையா நல்லவர்தான். ஆனா அங்க போனா எனக்கு ஒரு கட்டிலும் மூணு வேளை சாப்பாடும்தான்டி" என்றாய் என்னிடம்.

அன்று எட்டே முக்காலுக்கு உன் போன் வந்தது. நான் கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றிருந்தேன்.

"ஸ்டெல்லா, கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது. சீக்கிரம் வா."

பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ கணினியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. விசைப்பலகை முன்னால் இருக்க உன் கைகள் சும்மா கிடந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"நேத்து யாராச்சும் இத தொட்டீங்களா?" என்பதுதான் நீ கேட்ட முதல் கேள்வி.

"நான் தொடைக்கக்கூட இல்ல பேட்டா" என்றார் அம்மி.

நான், "இல்ல" என்றேன்.

அது பொய். முந்தின நாள் மாலை நீயும் அம்மியும் டாக்டரிடம் போயிருந்தபோது, என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே வந்தேன். எங்கள் ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு திரை எனக்குக் கிடைத்திருந்தது. உன் பழைய திரை பாதி கறுத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கணினியில் படம் பார்ப்பவள் நான்தான். பழையதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, புதியதை அதனோடு வந்த வேறு மாதிரிக் கேபிளில் செருகினேன். படம் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. திரை உனக்கு வேண்டாத பொருள்தானே என்று நினைத்தேன்.

காலையில் நீ கேட்டபோதும், திரைக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் என் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"சரி. நீ பாரு, நான் அடிக்கிறேன்" என்றாய்.

லினக்ஸ் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எந்தப் பக்கம் எதைச் சொடுக்க வேண்டும் என்பதுகூட உன் வாயால்தான் தெரிந்தது. மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கிறதா, அதன்மேல் பெருக்கல் குறி இருக்கிறதா என்று கேட்டாய். குறி இல்லை. அளவு நூறு. ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கி அதே துளையில் இயர்போனைச் செருகச் சொன்னாய். செருகினேன். ஒன்றுமில்லை. உன் விரல்கள் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தின. கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. நீ மனப்பாடமாக ஏதோ அடித்தாய்.

"இன்னா வந்திருக்கு? படி."

"நாலஞ்சு வரி இங்கிலீஷ்ல..."

"எழுத்து எழுத்தா படி ஸ்டெல்லா. உனக்குப் புரிய வேணாம். எனக்குப் புரியும்."

படித்தேன். சவுண்ட் கார்டு இருக்கிறது, கணினிக்கு அது தெரிகிறது என்றாய். இன்னொன்றை அடித்தாய். பச்சையும் வெள்ளையுமாகத் தூண்கள் வந்தன. தூணுக்கடியில் இரண்டு 'எம்' இருந்தால் வாய் கட்டியிருக்கிறது என்று அர்த்தம் என்றாய். 'எம்' இல்லை. ஒலியைக் கையாளும் நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாய். கணினியையே அணைத்துப் போட்டாய். அது எழுந்து வருவதற்குள் சுவர்க்கடிகாரம் ஒன்பது முப்பத்தைந்து காட்டியது. அம்மி வாசற்படியில் நின்று தஸ்பீஹ் ஜெபமணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். கணினி எழுந்தது. குரல் இல்லை.

உன் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"போன்ல பேச முடியாதா?" என்றேன்.

"பேசலாம். டைப் பண்றத எங்க காட்றது?" என்றாய். பிறகு, "செட்டிங்ஸ்ல சவுண்டுக்கு போ. அங்க ஒரு கோடு இருக்கும். நான் கீய அழுத்தறப்போ அது ஆடுதா பாரு."

நீ ஒரு விசையை அழுத்தினாய். கோடு துடித்தது. "ஆடுது!" என்று கத்தினேன்.

நீ விசையிலிருந்து விரலை எடுத்தாய். "அப்போ அது பேசிக்கிட்டுதான் இருக்கு. நம்மகிட்ட வரல. வேற எங்கயோ போவுது. மேல எந்த வழின்னு எழுதியிருக்கும், அத படி."

அந்த வரியை அரைமணி நேரத்துக்கு முன்பே, ஸ்பீக்கர் படத்தைத் திறந்தபோது பார்த்திருந்தேன். புரியாததால் விட்டுவிட்டேன். இப்போது படித்தேன். வாய்க்குள்ளேயே படித்தேன். அதில் இருந்தது அந்தப் புதிய கேபிளின் பெயர். கேபிளின் உறைமேலும் அதே நான்கு ஆங்கில எழுத்துகள். உன் கணினியின் குரல் முழுவதும் நான் செருகிய கேபிள் வழியாக, ஸ்பீக்கரே இல்லாத ஒரு திரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

வரியின் ஓரத்தில் சிறிய அம்புக்குறி இருந்தது. சொடுக்கினேன். கீழே இன்னொரு வழி இருந்தது. அதைத் தொட்டேன். பெரிய சத்தத்தில் அந்த ஆண்குரல் பேச ஆரம்பித்தது. அம்மி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எப்டிடி வந்துச்சு?" என்றாய்.

"தெரியல. தானா வந்துடுச்சு."

மணி ஒன்பது ஐம்பது. நீ மகிழ்வாய் என்று நினைத்தேன். உன் முகம் இன்னும் இறுகியது.

"தானா போச்சு, தானா வந்துச்சுன்னா திரும்ப தானா போவும். பாதி பேசறப்போ போச்சுன்னா? அவங்க டேப் போடறப்போ போச்சுன்னா?" சும்மா சரிபார்க்க ஒரு வாக்கியம் அடித்தாய், மூன்று பிழைகள். நீ பிழையாக அடித்து நான் பார்த்ததே இல்லை. அழித்துத் திரும்ப அடித்தாய். மீண்டும் பிழை.

என் பொய் இன்னும் உன்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாயோ என்ற பயமும் இருந்தது. இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்தது.

"நேத்து நான்தான் ஸ்க்ரீன மாத்தினேன்" என்றேன். "கேபிளும் வேற. சத்தம் அதுக்குள்ள போயிருக்கு. இப்போ ஸ்பீக்கர் பக்கம் திருப்பிட்டேன். காலைல நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

நீ கை நீட்டித் திரையைத் தடவிப் பார்த்தாய். அதன் விளிம்பு பழையதைவிட மெல்லியது. கையைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கேபிளைத் தொட்டாய்.

"ஸ்க்ரீன் எனக்கு எதுக்குன்னு நெனச்ச. கரெக்ட். எனக்கு வேணாம்தான். ஆனா இது என் மேஜை ஸ்டெல்லா. எது எங்க இருக்கு, எது எதுல மாட்டியிருக்குன்னு தெரிஞ்சிருக்கறதுதான் எனக்குப் பார்வை. அத நீ எடுத்துட்டு போய்ட்ட." குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. பிறகு மூச்சை இழுத்துவிட்டாய். "இப்போ காரணம் தெரிஞ்சுபோச்சு. இனிமே போவாது. நீ வெளிய போ."

கதவை நானே சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அம்மி தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் கீழே வைத்தேன். உள்ளே யாரோ பேசும் சத்தமும், நீ பதில் சொல்லும் சத்தமும் கேட்டன. பிறகு பேச்சு நின்றது. சத்தம் திரும்பவும் போய்விட்டதா? கதவில் காதை வைத்தேன். சன்னமாக ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் உன் விரல்கள் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன, தகரத்தில் மழை விழுவதுபோல.

நேர்காணல் முடிந்தும் நீ என்னை உள்ளே அழைக்கவில்லை. பதினொரு நாட்கள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் கம்பெனிக்கு போன் செய்தாய்.

"வேலை கிடைச்சுடுச்சு. அம்மிக்குக்கூட இன்னும் சொல்லல. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றாய். நான் அழுததும், "ஏய், கோவம் இன்னும் போவல, அது வேற" என்றாய்.

நீ பெங்களூர் போகவில்லை. நான்கு வருடம் அந்த அறையில் வேலை செய்தாய். நான் வந்தால் வாசலிலேயே தொடங்கிவிடுவேன்: செருப்பை இடப்பக்கம் விடறேன், டீயை உன் வலது கைக்கிட்ட வெக்கறேன், ஜன்னல சாத்தறேன். "போதும்டி பேஜாரு. ரயில்வே ஸ்டேஷன் மாதிரி அனவுன்ஸ் பண்ற" என்று சிரிப்பாய். ஒருநாள் நான் சொல்ல மறந்து பேனாவை நகர்த்தியபோது, "ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கறாரா?" என்றாய். உன் கோபம் போய்விட்டது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு அந்தக் காய்ச்சல். வேலூரில் ஆறு நாள். கடைசி இரண்டு நாட்கள் நீ பதில் பேசவில்லை. அப்போதும் கம்பளியை இழுத்து விடறேன், கையைத் தொடறேன் என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தான் செய்தேன். அந்த நாட்களில் உன் விரல் ஒருமுறை என் உள்ளங்கையில் தட்டியது. கேட்டுக்கொண்டுதான் இருந்தாய் என்று நம்புகிறேன்.

உன்னைக் கொண்டுபோன அன்று வீடு நிறையப் பெண்கள். உட்கார இடமில்லை என்று உன் அறை நாற்காலியை எடுத்துவர உள்ளே போனேன். யாருமில்லாத அறையில், "நாற்காலிய வெளிய எடுத்துட்டு போறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சற்று நின்றேன். பிறகுதான் எடுத்தேன்.

இப்போதும் அப்படித்தான். போன மாதம் ஆபீசில் நான் கைவைத்த அளவுப் பட்டியல் மாறிப்போய், ஒரு லைன் முழுக்கத் தையல் நின்றது. யார் தொட்டது என்று மேனேஜர் கேட்டு முடிப்பதற்குள், "நான்தான் சார்" என்றேன். பத்து நிமிடத்தில் சரியானது. வீட்டில் லைட்டை அணைக்கும்முன் "அணைக்கறேன்" என்பேன். "யார்கிட்டடி சொல்ற?" என்று கேட்டுக் கேட்டு என் கணவர் ஓய்ந்துவிட்டார்.

அம்மி உன் அண்ணனோடு போகிறாராம். உன் அறையைக் காலி செய்ய நாளை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன். ஒவ்வொன்றையும் உன்னிடம் சொல்லிவிட்டே எடுக்கிறேன்.